செக்கனார் திருத்தாத மணிக்கூடு

இலண்டனில் வாழ்ந்து மறைந்த தமிழருள், 'ஏறக்குறைய' என்று பொருள்படும் சொல்லொன்றைத் தம் வாழ்நாளில் ஒரேயொரு முறை மட்டும் வாய்விட்டுச் சொன்னவர் செக்கனார். அந்த ஒரு முறை அவர் அதைச் சொன்னபோது, உடன் குடியிருந்த நாங்கள் மருத்துவரை அழைக்கலாமா என்று எண்ணினோம்.

இதை எழுதவேண்டிய கடமை எனக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலிற் கூறிவிடுகிறேன். அவர் மறைந்த பின் லூயிஷாமில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. பேசியவர் அனைவரும் அவையைச் சிரிக்க வைத்தனர். "ரெண்டு பெடியளைப் பிளேன் ஏத்தி அனுப்பப் பாத்த மனிசன்" என்று ஒருவர் சொன்னபோது மண்டபமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும் தொடர்வண்டியில் அந்தச் சொற்களை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யன்று, பாதி. மற்றைப் பாதியை முழுமையாக அறிந்தவர் நால்வர். ஒருவர் இறந்துபோனார். இருவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எஞ்சியவன் நான்.

அவருடைய இயற்பெயர் நீளமானது. எந்த அலுவலகப் படிவத்தின் கட்டங்களுக்குள்ளும் அது அடங்கியதில்லை. நேரத்தை மணி, நிமிடம், செக்கன் என்று மூன்றடுக்காகவன்றிச் சொல்லமாட்டாராதலால் செக்கனார் ஆனார். 'நொடியார்' என்று தூய தமிழில் அழைக்கலாமே என்று, வீட்டில் 'மாஸ்டர்' என்று அழைக்கப்பட்ட நான் முன்மொழிந்தேன். வீட்டார் ஏற்கவில்லை. மன்னாரைச் சேர்ந்த பீற்றர், "வேண்டாம் மாஸ்டர், கேக்க ஆள் நொடிஞ்சு போன மாதிரிக் கிடக்கு" என்று அதற்கு முற்றுப்புள்ளி வைத்தான்.

இலங்கையில் நில அளவைப் படம் வரைந்துகொண்டிருந்தவர் அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் இலண்டன் வந்து, நகரின் நடுவே மிகப் பழைமையான ஓர் அறிஞர் கழகத்தின் நிலவறையில் பணியாளானார். அங்குள்ள பழந்தாள் பெட்டிகளை ஆய்வாளர் கேட்டால் மேலே கொண்டுபோய்க் கொடுப்பதும், அவர்கள் படித்து முடித்ததும் கீழே கொண்டுவந்து வைப்பதும் வேலை. பெட்டியைச் சுமப்பவர் அதைத் திறந்து படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. படிக்கக் கூடாது என்று எவரும் சொல்ல மறந்துவிட்டனர். செக்கனார் படித்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இருமுறை வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைச் சிறு கரும்பொட்டாகக் கடந்து சென்றது. உலகின் வெவ்வேறு மூலைகளில் நிற்போர் அதை வெவ்வேறு நேரத்திற் காண்பர். அந்த வேறுபாட்டைக் கொண்டு சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். ஆகவே அக்கழகம் ஆட்களைக் கப்பலேற்றிப் பனிநாட்டுக்கும் தென்கடல் தீவுக்கும் அனுப்பியது. ஆளை அனுப்பினாற் போதுமா? தொலைநோக்கி, ஊசல் கடிகாரம், கோணம் அளக்கும் பித்தளைக் கருவி ஆகியனவும் உடன் போகவேண்டும். எவர் செல்வது, எக்கருவியை எவரிடம் ஒப்படைப்பது, எங்ஙனம் கட்டுவது, எதை எதை எழுதுவது என்று குழு கூடி முடிவெடுத்து அறிவுறுத்தல் எழுதிக் கொடுத்தது. திரும்பி வந்த கருவி அடுத்த பயணத்துக்கு எடுத்து வைக்கப்பட்டது.

செக்கனாருக்குச் சூரியனில் அக்கறை இருந்ததில்லை. "சூரியன் எவ்வளவு தூரத்தில கிடந்தா எங்களுக்கென்ன மாஸ்டர்? நாங்கள் நடந்தே போகப் போறம்? பெட்டியை ஆர் கட்டினவன், ஆர் அவிட்டவன், அதுக்குள்ள என்ன உடைஞ்சு கிடந்தது. அதுதான் விசயம்" என்பார்.

கிழக்கு இலண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் அறுவர் குடியிருந்த வீட்டின் சமையலறையில், எங்கள் சொல்லிற் குசினியில், ஒரு சுவர் மணிக்கூடு இருந்தது. நாளொன்றுக்குப் பதினொரு செக்கன் பிந்தும். செக்கனார் அதைத் திருத்தமாட்டார்; பிறர் தொடவும் விடமாட்டார். வானொலியின் மணியொலியோடு ஒப்பிட்டு, அன்றைய பிந்தலை அதன்கீழ் ஒட்டிய தாளில் எழுதுவார். ஓராண்டு முடிவில் அது ஒரு மணி ஆறு நிமிடம் ஐம்பத்தைந்து செக்கன் பிந்தி நின்றது. நேரம் அறிய விரும்புவோர் முதலில் மணிக்கூட்டைப் பார்த்து, பின்னர் தாளைப் பார்த்து, இரண்டையும் கூட்டவேண்டும். காலைநேரத்தில் அறுவரும் தேநீர்க் கோப்பையும் கையுமாகச் சுவரைப் பார்த்துக் கணக்குச் செய்யும் காட்சியைக் கண்ட எரிவாயு அளவி பார்க்க வந்த ஆங்கிலேயர், அதை எங்கள் காலை வழிபாடென்று எண்ணித் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணை, உந்தக் கண்டறியாத முள்ளை ஒருக்காத் திருப்பி விட்டா அலுவல் முடிஞ்சுது" என்றான் பீற்றர்.

"திருப்பினா?"

"சரியான நேரம் காட்டும்."

"இண்டைக்குக் காட்டும். நாளைக்கு எவ்வளவு பிழை எண்டு உமக்குத் தெரியுமோ? பிழை தெரிஞ்ச மணிக்கூடு நல்ல மணிக்கூடு, பீற்றர். கடல் கடந்து கொண்டுபோன மணிக்கூட்டை அவையள் திருத்தேல்லை. நாளுக்கு எவ்வளவு பிந்துது எண்டு எழுதி வைச்சவை. திருத்தினா, எவ்வளவு பிழையாக் கிடந்தது எண்டது அதோட அழிஞ்சு போம்."

"எனக்குப் பஸ் போயிட்டுது அண்ணை. அதையும் எழுதி வையுங்கோ."

செக்கனார் எழுதி வைத்தார்.

வீட்டுக்குப் பொதுவாக ஒரு பெரிய சமையற் கிடாரம் இருந்தது. லூயிஷாமில் வாழ்ந்த அக்கை ஒருவர் கோயில் அன்னதானத்துக்கு அதை இரவல் கேட்டு வந்தார். செக்கனார் ஏழு உறுப்புக்கள் கொண்ட அறிவுறுத்தற் பத்திரம் ஒன்றை நீட்டினார். கிடாரம் ஒன்று, அடியில் முன்னரே உள்ள நெளிவுகள் இரண்டு, படம் இணைக்கப்பட்டுள்ளது, மூடி ஒன்று, கைபிடி சற்று ஆடும், பேருந்தின் கீழ்த்தட்டிலேயே கொண்டுசெல்லல் வேண்டும். இப்படிப் போயிற்று. அக்கை இடுப்பிற் கைவைத்துப் படித்தார்.

"என்ன அண்ணை இது? நான் என்ன வெள்ளி பாக்கவே போறன்? பருப்பு அவிக்கப் போறன்!"

"ஓம் பிள்ளை. கையெழுத்தை வைச்சிட்டு அவியுங்கோ."

கிடாரம் திரும்பி வந்தது. பட்டியலில் அவர் எழுதிய குறிப்பு இது: 'மூடி வந்தது. போன மூடி அன்று.' தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் லூயிஷாம் சென்று வீடு வீடாகக் கதவு தட்டி, நான்காவது வீட்டின் பின்புறத்தில் முயற்கூட்டை மூடியிருந்த எங்கள் மூடியை மீட்டார். தென்கடல் தீவில் அந்தப் பித்தளைக் கருவி களவு போனபோது கழகத்தார் உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் நடந்து அதைத் துண்டு துண்டாக மீட்டதை எங்களுக்கு நினைவூட்டினார். "அவையள் காடு மேடெல்லாம் ஏறினவை. நான் பஸ்தானே ஏறினனான்." முயலுக்கு என்ன ஆயிற்றென்று எவரும் கேட்கவில்லை.

அவரைப் பகிடி செய்வது எளிது. ஆனால் பீற்றர் அடிபட்ட நாளை நான் பகிடியாக எழுத இயலாது. எண்ணெய் நிரப்பு நிலையத்தில் அவனுக்கு வேலை. இருவர் வந்து, அவன் நிறத்தைச் சொல்லித் திட்டி, தலையைக் கண்ணாடியில் மோதினர். ஒன்பது தையல். முதலாளி மறுநாளே ஷிப்டுக்கு வரச் சொன்னான். பீற்றர் குசினி மேசையில் அமர்ந்து, இனி அங்கே போவதில்லை என்றான். செக்கனார் தொடங்கினார்: வெள்ளியைக் காணச் சென்ற இருவரின் கப்பலை ஆங்கிலக் கால்வாயிலேயே பகைவர் போர்க்கப்பல் தாக்கியது, பதினொருவர் மாண்டனர், கரை திரும்பிய இருவரும், இப்பயணம் எங்களுக்கு வேண்டாம் என்று கழகத்துக்கு எழுதினர், போகாவிடின் தீராப் பழி சேரும், வழக்கும் தொடுப்போம் என்று கழகம் மறுமொழி விடுத்தது, அவர்கள் போயினர்.

பீற்றர் கட்டுப்போட்ட தலையை மெல்லத் திருப்பினான். "உந்தக் கழகத்தில ஆரும் என்ர முதலாளிக்குச் சொந்தமோ அண்ணை? அவனும் இதைத்தான் சொன்னவன்."

செக்கனார் அதை மறுக்கவில்லை. "கழகம் செய்தது பிழை. ஆனா அந்தக் கடுதாசியை அவையள் எரிக்கேல்லை. வைச்சிருக்கினம். அதாலதான் அது பிழையெண்டு எனக்குத் தெரியும்."

அடுத்த ஒரு திங்கள் முழுவதும், விடியற்காலை ஷிப்டுக்குப் பீற்றரோடு நடந்துபோய், கையில் குடையோடு எண்ணெய் நிலையத்தின் வாயிலில் நின்றுவிட்டுத் தம் வேலைக்குப் போனவர் செக்கனாரே. அந்தக் குடையால் எவரையும் தடுத்திருக்க முடியாது. இருப்பினும் நின்றார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தேவனும் ரஞ்சனும் எங்கள் வீட்டுக்கு வந்தனர். உடன்பிறந்தோர். தேவனுக்கு இருபத்தாறு வயது, ரஞ்சனுக்கு இருபத்தொன்று. யாழ்ப்பாணக் கடனீரேரியை அண்டிய சிற்றூர். ஒருநாள் சீருடையணிந்தோர் ஊரைச் சுற்றி வளைத்தனர். இளைஞரைத் தேடினர். தேவன் கிணற்றுக்கட்டின் பின்னும், ரஞ்சன் குசினிக்குள் விறகுக் குவியலின் பின்னும் ஒளிந்தனர். தந்தையைக் கொண்டுபோயினர். பின்னர் எந்த முகாமிற் கேட்டாலும், அப்படியொருவரைப் பிடிக்கவேயில்லை என்ற ஒரே விடைதான். தாய் தம் தங்கையோடு ஊரிலேயே இருந்தார். பிள்ளைகள் இங்கே அடைக்கலம் கோரி விண்ணப்பித்தனர்.

அக்காலத்தில் எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பிப்போரை மேசையில் இருத்தி, அவர்கள் கதையை மூத்தோர் பலமுறை சொல்லவைத்துச் சீராக்குவர். பொய் புனைவதற்காக அன்று. உண்மை மேடும் பள்ளமுமாக வரும். அதிகாரியின் மேசைக்கு அது சமனாகப் போகவேண்டும் என்பதற்காக. ஒருவன் மூவரென்றால் மற்றவனும் மூவரென்பான். நான் ஒரு வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றினேன். தமிழைத் தூயதாக்கும் அதே கையால் எத்தனையோ வாக்குமூலங்களின் மேடுகளை நிரவியிருக்கிறேன். அவற்றுட் பல வெற்றி பெற்றன.

தேவனையும் ரஞ்சனையும் மேசையில் இருத்தியபோது செக்கனார் குறுக்கே வந்தார்.

"கதைக்காதேங்கோ! ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. தேவன், நீர் மேல போம். ரஞ்சன், நீர் இஞ்சை இரும். கண்டதை மட்டும் எழுதுங்கோ. மற்றவன்ர தாளைப் பாக்கிறேல்லை."

"செக்கனார், உது கோள் இல்லை, கேஸ்" என்றேன் நான், சினத்தில் தூய தமிழை மறந்து.

"அதுக்குத்தான் மாஸ்டர் சொல்லுறன். பக்கத்தில பக்கத்தில நிண்டு, நல்ல மணிக்கூடு வைச்சுப் பாத்த படிச்ச ஆக்களே ஒரே நேரத்தை எழுதேல்லை. கன செக்கன் வித்தியாசம். கழகம் ரெண்டையும் அச்சடிச்சது. ஒத்துப்பாத்து எழுதினா அது ரெண்டு சாட்சியில்லை. ஒரு சாட்சி, ரெண்டு கையெழுத்து."

தேவனுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. உண்மையைத்தானே எழுதுகிறோம், அஞ்சுவானேன் என்று மாடிக்கு ஏறினான். இரண்டு தாள்களும் மாற்றமின்றிப் போயின.

தேவனின் தாளில் மூவர், ஒரு ஜீப், காலை பத்து மணிக்கு முன். ரஞ்சனின் தாளில் ஐவர், ஒரு டிரக், உச்சிப்பொழுது. சில திங்களின் பின் மறுப்புக் கடிதம் வந்தது. குசினியில் நின்று அதை மொழிபெயர்த்தவன் நான். இருவரும் ஒரே நிகழ்ச்சியைக் கண்டிருப்பின் இத்துணை மாறுபட இயலாது. ஆகவே அப்படியொரு நிகழ்ச்சி நடந்ததென்று ஏற்பதற்கில்லை. இதுவே அதன் சாரம்.

பீற்றர் முதலில் வாய் திறந்தான். "சந்தோசமோ அண்ணை? உங்கட வெள்ளி அந்தப் பக்கம் போய்ச் சேந்திட்டுது. இப்ப பெடியளும் போகப் போறாங்கள்."

தேவன் குரலை உயர்த்தவில்லை. "அங்க அப்பாவைப் பிடிக்கவே இல்லையெண்டு சொன்னாங்கள். இப்ப இஞ்சையும் அதையே எழுத வைச்சிட்டீங்கள்."

 நானும் அன்று செக்கனாரைக் கடுமையாக ஏசினேன். என்ன சொற்களால் என்பதை இங்கு எழுத நாணுகிறேன். இரண்டு நாள் கழித்து, எவரோ அவரிடம் நேரம் கேட்டபோதுதான், "எட்டு மணி போல" என்றார். அவ்வளவே. குசினியில் அனைவரும் கரண்டியும் கோப்பையுமாக அசையாது நின்றோம்.

மேன்முறையீட்டுக்கு வழக்கறிஞர் அம்மையார் ஒரு வழி காட்டினார். இளையவன் தன் கூற்றை மீட்டுக்கொள்ளட்டும்; அச்சத்தில் எதையும் சரியாகக் காணவில்லை என்று சொல்லட்டும். தேவனின் கூற்று அப்போது தனித்து நிற்கும், அவன் தப்பலாம். இளையவனின் நிலை கடினம் என்பதை அவர் மறைக்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன்.

"அப்பாவைக் கொண்டுபோனதை நான் காணேல்லை எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டான் ரஞ்சன். எவரும் அவனைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் செக்கனார் பணியிற் சேர்ந்த நாள்முதல் எடுக்காத விடுப்பை எடுத்தார். சகோதரர் இருவரிடமும் தனித்தனியே ஒரு வெற்றுத்தாள் கொடுத்து, வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வளவையும் கீறித் தரச் சொன்னார். தேவன் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். கீறிய தாளைக் கதவின் கீழாகத் தள்ளிவிட்டான். செக்கனார் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குசினி யன்னற் கண்ணாடியில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் பார்த்து, பழைய தொழிற்பழக்கத்தோடு அளவுப்படம் வரைந்தார். மூன்று நாள் எங்கள் குசினியில் வெளிச்சமே இல்லை. கறிக்குள் உப்புக்குப் பதில் சீனி விழுந்தது. எவரும் முறையிடவில்லை.

படம் சொன்னது இது. கிணற்றடியில் ஒளிந்தவனுக்கு, வளவை ஒட்டிய இரு சந்துகளுள் முன் ஒழுங்கை மட்டும் தெரியும். விறகின் பின் இருந்தவனுக்குப் பின் ஒழுங்கை மட்டும் தெரியும். முன்னே மூவரும் ஜீப்பும், பின்னே ஐவரும் டிரக்கும் நின்றிருக்கலாம். இரண்டு இடத்திலிருந்தும் காணக்கூடிய ஒரே இடம் வேலிக் கதவான வாயிற்படலை. இரண்டு தாள்களும் மாறுபடாத ஒரே செய்தியும் படலையைப் பற்றியதே: கொண்டுபோகப்பட்ட தந்தை, வெளியே காலெடுத்து வைத்தபின், பிடித்திருந்தவரிடம் ஏதோ சொல்லித் திரும்பி, படலையைத் தம் கையால் இழுத்துச் சாத்தினார்.

அம்மையார் படத்தைப் பார்த்தார். அதனோடு இணைத்திருந்த, கழக நோக்குநர் இருவரின் மாறுபட்ட நேரங்களைச் செக்கனார் கையால் படியெடுத்த நான்கு பக்கங்களையும் பார்த்தார். நின்றுகொண்டு படிக்கத் தொடங்கியவர் இருக்கையில் அமர்ந்தார். ரஞ்சனின் கூற்றை மீட்பதென்ற பேச்சு அத்தோடு நின்றது.

விசாரணைக்கு மூன்று வாரம் முன்னர் ஊரிலிருந்து செய்தி வந்தது. தாய் காய்ச்சலில் இறந்துவிட்டார். முடிவு வருமுன் நாட்டை விட்டுப் புறப்பட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். இருவரும் போகவில்லை. பக்கத்துத் தெருவில், அதே காலத்தில், சீராக்கிய கதையோடு விண்ணப்பித்த ஒருவனுக்கு முன்னரே அனுமதி கிடைத்திருந்ததைத் தேவன் அறிவான். நாட்களைக் கணக்கிட அவனுக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை.

விசாரணை அறையில் சகோதரரைத் தனித்தனியே அழைத்தனர். நடுவர் முதியவர், எழுதும்போது உதடு அசையும். தந்தை ஏன் படலையைச் சாத்தினார் என்று தேவனைக் கேட்டார்.

"ஆடு வந்து கத்தரிக்கண்டைத் திண்டிடும். எப்பவும் சாத்திப்போட்டுத்தான் போறவர்."

தேவன் வெளியே அனுப்பப்பட்டான். ரஞ்சனிடமும் அதே வினா.

"உள்ளுக்கு ஒருத்தருமில்லை எண்டு அவங்களுக்குக் காட்டத்தான்."

எதிர்த்தரப்பு அலுவலர் புன்னகைத்தார். அம்மையார் நெற்றியைக் கையால் மறைத்தார். நடுவர் இரண்டையும் எழுதினார்.

பிறகு செக்கனார். அவர் ஆங்கிலத்திற் கூறியதை நான் தமிழிலே தருகிறேன். நிகழ்ந்த இடத்தில் இருந்தீரா என்றார் அலுவலர். இல்லை என்றார் செக்கனார். இவர்கள் உண்மை சொல்கிறார்கள் என்பது உமக்குத் தெரியுமா? தெரியாது. பின்வரிசையில் இருந்த பீற்றர், "ஐயோ மாதாவே" என்று முனகியது எனக்குக் கேட்டது. அப்படியானால் உமக்கு என்னதான் தெரியும்?

"எழுதும்போது ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவில்லை என்பது தெரியும். நடுவே மாடிப்படியில் நான் இருந்தேன்."

ஆட்களின் எண்ணிக்கைக்கும் வண்டிகளுக்கும் உமது படம் விளக்கம் தருகிறது. நேர வேறுபாட்டுக்கு என்ன விளக்கம் என்று நடுவரே வினவினார்.

"விளக்கம் இல்லை, ஐயா. அதை அப்படியே விட்டிருக்கிறேன்."

நடுவரின் உதடு அசைவது நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் செக்கனாரைச் சற்று நேரம் பார்த்தார்.

ஏழு வாரத்தின் பின் தீர்ப்பு வந்தது. இருவரும் இங்கே வாழலாம். தந்தை அந்நாளில் அவ்வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார் என்பதை ஏற்கிறேன் என்று நடுவர் ஒரு வரி எழுதியிருந்தார். "அப்பாவைக் கொண்டுபோனது நடந்தது எண்டு சொல்லுற கடுதாசி உலகத்தில இது ஒண்டுதான்" என்று ரஞ்சன் அதை நான்கு படி எடுத்தான். தேவன் ஒரு படியும் பெறவில்லை. அடுத்த வாரமே வட இலண்டனிலுள்ள எட்மண்டனுக்குக் குடிபெயர்ந்தான். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான், செக்கனாரிடம் சொல்லவில்லை.

நீங்கள் செய்தது சரியா என்று ஒருமுறை அவரைக் கேட்டேன். "தெரியாது மாஸ்டர். நீங்கள் சொன்ன மாதிரிச் செய்திருந்தா வேளைக்குக் குடுத்திருப்பாங்கள். தாயின்ர முகத்தைப் பாத்திருப்பாங்கள். இல்லாட்டி ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாங்கள். ஆர் கண்டது?" அதன்பின் கிடாரத்தைத் துடைத்தார். அது ஏற்கெனவே துப்புரவாக இருந்தது.

தொண்ணூறுகளின் இறுதியில், குளிர்காலக் காலையொன்றில், வேலைக்குப் புறப்பட்டவர் வாசலில் மாரடைப்பால் விழுந்தார். மனைவி மக்கள் இல்லை. நினைவுக் கூட்டம் முடிந்த மறு ஞாயிறு பிற்பகல் தேவன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். கூட்டத்துக்கு அவன் வரவில்லை.

"அந்தப் படம் இருக்கோ மாஸ்டர்?"

ஊரில் அவர்கள் வளவு இப்போது இல்லை. வீடும் வேலியும் இடித்து நிரவப்பட்டுவிட்டன என்று சின்னம்மா எழுதியிருந்தாராம். நான் செக்கனாரின் தாள்கள் அடங்கிய கோவையைக் கொண்டுவந்து வைத்தேன். படத்தை அவன் நெடுநேரம் பார்த்தான். ஒருவன் மட்டும் கீறிய மரங்களின் பக்கத்தில் அவனவன் பெயரின் முதலெழுத்தைச் செக்கனார் இட்டிருந்தார். முருங்கை தேவனுடையது. எலுமிச்சையான தேசிமரம் ரஞ்சனுடையது. படத்தின் கீழே இரண்டு வாக்குமூலங்களும் இருந்தன. தம்பியின் தாளைத் தேவன் அதுவரை படித்ததில்லை. அந்த நாளைப் பற்றி அவர்கள் தமக்குள் பேசுவதில்லை.

படலையைப் பற்றித் தேவன் எழுதியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது: 'அப்பாவின்ர கை படலையைச் சாத்தினதைக் கண்டனான். வேலி மறைச்சதால முகம் தெரியேல்லை.' இப்போது அவன் விரல் தம்பியின் தாளில் ஒரு வரியின்மேல் நின்றது. 'சாத்தேக்குள்ள அப்பா கிணத்தடிப் பக்கம் ஒருக்காப் பாத்தவர். குசினிப் பக்கம் பாக்கேல்லை.'

அந்த வரியை மொழிபெயர்த்தவன் நான். அண்ணன் தாளில் இல்லாத செய்தி, கேள்விக்கு இடம் தரும், வெட்டிவிடுவோம் என்று அன்று சொன்னவனும் நானே. "அவன் கண்டது, கிடக்கட்டும்" என்று என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டவர் செக்கனார்.

"என்னைப் பாத்தவரோ?" என்று தேவன் கேட்டான். என்னிடம் கேட்கவில்லை. சற்றுக் கழித்து, "இவன் இவ்வளவு காலமும் இதை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறான்" என்றான். தொலைபேசி எங்கே என்று கேட்டான். தம்பியின் எண்ணைச் சுழற்றினான். நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன்.

செக்கனார் உயிரோடு இருந்திருப்பின் இக்கட்டுரையில் குறைந்தது ஒன்பது பிழைகளைக் கண்டு, சிவப்பு மையால் வரிசை எண் இட்டுத் தந்திருப்பார். அப்படியொரு தாள் இனி எனக்கு வராது. ஆதலால் அந்த வீட்டையும் அந்த வழக்கையும் அறிந்த வாசகர்களை வேண்டுகிறேன்: நான் எழுதியவற்றுள் ஆள், இடம், காலம் எதிற் பிழை கண்டாலும் தயங்காது எனக்கு எழுதுங்கள்.